புறப்பட ஒன்று, புழங்க ஒன்று: இரட்டைப் பற்றரியின் வரலாறு

வாகனமொன்றிலோ படகொன்றிலோ இரண்டாவது பற்றரியைப் பொருத்துவது இன்று ஒரு பிற்பகல் வேலை. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் அதற்கு வேண்டிய றிலே, பியூஸ், தடித்த செப்புக் கம்பி யாவும் கிடைக்கும். தெஹிவளையில் சுற்றுலா வான் வைத்திருப்பவர்களும், முகத்துவாரத்திலிருந்து ஆழ்கடலுக்குப் புறப்படும் பலநாட் கலங்களின் உரிமையாளர்களும் இதனைச் செய்துகொள்கின்றனர். ஏன் இரண்டு என்று கேட்டால், "ஒன்று ஸ்ராட் பண்ண, மற்றது பாவிக்க" என்று மெக்கானிக் ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ 130 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் முதற் பகுதி இங்கிலாந்தின் புகையிரதப் பெட்டிகளில் நிகழ்ந்தது. இரண்டாவது பகுதி அமெரிக்க, பிரித்தானிய மோட்டார்த் தொழிற்சாலைகளில் நிகழ்ந்தது. மூன்றாவது பகுதி 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் இருட்டில் நிகழ்ந்தது. முதல் இரண்டும் நூல்களில் உள்ளன. மூன்றாவது பெரும்பாலும் மனிதர்களின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது. பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற வகையில், நினைவில் மட்டும் இருப்பது எத்தனை விரைவில் அழிந்துபோகும் என்பதை நான் அறிவேன். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

இரு வேறு வேலைகள்

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரமொன்றைச் சுழற்றிப் புறப்படச் செய்ய நூறு, இருநூறு அம்பியர் அளவிலான பெரும் மின்னோட்டம் ஓரிரு விநாடிகளுக்கு மாத்திரம் தேவை. விளக்கு, வானொலி, மின்விசிறி போன்றவற்றுக்கோ சில அம்பியர் போதும். ஆனால் அது மணிக்கணக்கில் வேண்டும். ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரியில் இவ்விரண்டு வேலைகளையும் ஒருங்கே நன்றாகச் செய்யக்கூடியது கிடையாது. புறப்படுதலுக்கான பற்றரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். மேற்பரப்பு அதிகமாதலால் மின்னோட்டம் வெள்ளம்போல் பாயும். அதனையே இரவு முழுவதும் விளக்கெரிக்கப் பாவித்து, மீண்டும் மீண்டும் அடிவரை வடித்தால், சில மாதங்களில் தகடு உதிர்ந்துவிடும். ஆழமாக வடித்துப் பாவிப்பதற்கென்று தயாரிக்கப்படும் பற்றரியில் தகடுகள் தடிப்பானவை. அது மெதுவாகக் கொடுக்கும், நெடுநேரம் கொடுக்கும்.

ஆகவே வேலையைப் பிரிக்க வேண்டும். பிரித்த பின்னர் இரண்டையும் ஒரே இயந்திரத்தினால் மின்னேற்றவும் வேண்டும். இயந்திரம் ஓடும்போது இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இயந்திரம் நின்றதும், ஒன்றின் செலவு மற்றதன் இருப்பைத் தொடாதபடி பிரிந்துவிட வேண்டும். இரட்டைப் பற்றரி என்பதன் முழுச் சூட்சுமமும் இந்தச் சேர்தலிலும் பிரிதலிலும் அடங்கியிருக்கிறது.

புகையிரதப் பெட்டியின் அடியில்

பிரான்ஸ் நாட்டவரான காஸ்டன் பிளாந்தே 1859 இல் ஈயத் தகடுகளைக் கொண்டு மீள மின்னேற்றக்கூடிய கலத்தை ஆக்கினார். 1881 இல் கமீல் ஃபோர் அத்தகடுகளில் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கண்டார். அதன் பின்னரே அது வணிகப் பொருளாயிற்று. அதனை வாகனத்தில் ஏற்றுவதற்கான முதற்பெரும் தேவை மோட்டார்க் காரிலிருந்து வரவில்லை. புகையிரதப் பெட்டிகளுக்கு விளக்கிட வேண்டும் என்பதிலிருந்தே வந்தது. எண்ணெய் விளக்கும் வாயு விளக்கும் விபத்து நேர்ந்தால் பெட்டியையே கொளுத்திவிடும் அபாயம் இருந்தது.

லண்டன் டெப்ட்ஃபோர்டில் இயங்கிய ஜே. ஸ்டோன் நிறுவனம் 1890களில் இதற்கு ஒரு தீர்வைக் கண்டது. பெட்டியின் அடியில் ஒரு டைனமோ. சில்லின் அச்சிலிருந்து பட்டியொன்று அதனைச் சுழற்றும். கூடவே இரண்டு தொகுதி பற்றரிகள். வண்டி ஓடும்போது ஒரு தொகுதிக்கு மின்னேறும், மற்றைய தொகுதி விளக்குகளுக்கு ஊட்டும். பின்னர் அவற்றின் வேலை மாறும். ஏன் இந்தச் சிரமம் என்றால், ஈயக் கலம் ஒன்று கொடுக்கும்போது சுமார் 2 வோல்ற்றில் கொடுக்கிறது, ஏற்கும்போதோ ஏறத்தாழ 2.4 வோல்ற் கேட்கிறது. மின்னேறும் பற்றரியிலேயே விளக்கைப் பொருத்தினால், வண்டி ஓடும்போது விளக்கு பிரகாசித்துக் கருகும், நின்றால் மங்கும்.

வேகம் கூடினால் டைனமோ அளவுக்கு மீறி உற்பத்தி செய்யுமே என்ற கேள்விக்கு ஸ்டோன் முறை கண்ட விடை வியப்பானது. பட்டியின் இழுவைக்கு ஓர் எல்லை வைத்தார்கள். குறித்த வேகத்துக்கு மேல் பட்டி வழுக்கும். வண்டி எதிர்த்திசையில் ஓடினாலும் நேர் முனை நேராகவே இருக்கும்படி தானாக இயங்கும் ஏற்பாடும் இருந்தது. இலத்திரனியல் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

கொழும்பிலிருந்து தெஹிவளை ஊடாக மொறட்டுவைக்குக் கரையோரப் புகையிரதம் 1877 இல் ஓடத் தொடங்கி, 1894 இல் காலியை எட்டியது. இங்கிலாந்தில் இரட்டைப் பற்றரி பிறந்ததும் அதே பத்தாண்டில்தான். பிரித்தானியர் புகையிரதம் அமைத்த நாடுகள் பலவற்றிலும், சிறப்பாக இந்தியாவிலும், அச்சினால் சுழலும் டைனமோவும் பெட்டிக்கடியிலான பற்றரிப் பெட்டகமும் அதன் பின்னர் வழமையாயின.

காருக்குள் வந்த கதை

மோட்டார்க் காரை முன்னர் கைப்பிடியால் சுழற்றியே புறப்படச் செய்தனர். சார்ள்ஸ் கெற்றரிங் ஆக்கிய மின்சாரப் புறப்படுத்தி 1912 ஆம் ஆண்டின் கடிலாக் காரில் வந்தது. அன்றிலிருந்து காரின் ஒரே பற்றரி இரு வேலைகளைச் சுமக்கத் தொடங்கியது. பிரச்சினையும் அன்றே பிறந்தது.

இலங்கையின் வீதிகளில் போருக்குப் பிந்திய காலத்தில் நிறைந்திருந்தவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஹில்மன் போன்ற பிரித்தானியக் கார்கள். அவற்றில் இருந்தது லூக்காஸ் டைனமோ. இருபது அம்பியர் அளவே அதன் உச்ச உற்பத்தி. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது அது ஒன்றுமே கொடாது. முன்விளக்கும் துடைப்பானும் பாவித்தால் எஞ்சுவது சொற்பம். இரண்டாவது பற்றரிக்கு அங்கே இடமில்லை.

ஆயினும் அந்தக் கார்களின் இயந்திர அறைச் சுவரில் ஒரு சிறு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் 'கட்-அவுட்' எனப்பட்ட றிலே ஒன்று உண்டு. டைனமோவின் வோல்ற்றளவு பற்றரியினதை விட உயரும்போது அது இணைக்கும். தாழும்போது துண்டிக்கும். துண்டிக்காவிடில் பற்றரியின் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் ஓடி வடிந்துவிடும். இன்று இரட்டைப் பற்றரிக்கெனப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் வோல்ற் உணரும் றிலேக்கு இந்தக் கட்-அவுட்டே பாட்டன் எனலாம். சேர வேண்டிய வேளையில் சேர்த்து, பிரிய வேண்டிய வேளையில் பிரிப்பதே இரண்டினதும் தொழில்.

1960 இல் கிறைஸ்லர் நிறுவனம் வலியன்ற் காரில் அல்டனேற்றரைப் புகுத்தியது. ஆடலோட்டத்தை உற்பத்தி செய்து, டயோட்களால் நேரோட்டமாக்கும் அக்கருவி, இயந்திரம் மெதுவாகச் சுழலும்போதும் மின்சாரம் கொடுத்தது. மிச்சமாகவும் கொடுத்தது. மிச்சம் வந்த பின்னரே சாதாரண வாகனங்களில் இரண்டாவது பற்றரி சாத்தியமாயிற்று. பிரித்தானியரின் விடுமுறை வண்டிகளிலும், அவுஸ்திரேலியரின் வனாந்தரப் பயண வாகனங்களிலும், உலகெங்கும் படகுகளிலும் அது பரவியது.

மீண்டும் டைனமோ

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். 1990 ஜூன் மாதத்தில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. 1956 முதல் ஓடிய யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்குப் போவது நின்றது. மலைநாட்டு லக்சபானவிலிருந்து நெடுந்தூரம் கடந்து வந்த மின்சாரமும் நின்றது. புகையிரதம் யாழ்ப்பாணம் திரும்பியது 2014 ஒக்ரோபரில்தான். இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக 1995 இன் இறுதி வரை, குடாநாட்டு மக்கள் பொது மின்சாரம் இன்றியே வாழ்ந்தனர். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது.

அரசாங்கம் வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பெற்றோல், டீசல், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. ரோச் லைற்றுக்குப் போடும் சிறு பற்றரியும் அதில் அடங்கியது. வவுனியாவுக்கு அப்பால் தாண்டிக்குளத்தில் பயணப் பொதிகள் அவிழ்க்கப்பட்டபோது முதலில் தேடப்பட்ட பொருட்களுள் அதுவும் ஒன்று. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கும் வெடிபொருட்களுக்கும் பற்றரி பயன்படும் என்பது இராணுவத் தரப்பின் காரணம். அக்காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு முழுச் சமூகத்தினதும் இரவை அந்தத் தடை எவ்வாறு மாற்றியமைத்தது என்பது அன்றைய செய்திகளில் இடம்பெறவில்லை. தடைப்பட்டியல் ஒரு செய்தியாக வந்தது. அதில் பற்றரி ஒரு சொல்லாக வந்தது. அவ்வளவே.

அங்கு வாழ்ந்து பின்னர் கொழும்புக்கு வந்தவர்களிடம் நான் பல ஆண்டுகளாகக் கேட்டறிந்தவற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, வரலாறு அங்கே பின்னோக்கிச் சுழன்றது தெரிகிறது. டீசல் இல்லாமையால் புதிய வாகனங்கள் கொட்டிலில் முடங்கின. முப்பது, நாற்பது வயதான மொறிஸ் மைனரும் ஏ40 யும் வெளியே வந்தன. அமுக்க விகிதம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயிலும் ஓடும். ஆனால் குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆகவே சில துளி பெற்றோலைச் சிறிஞ்சினால் செலுத்தி, இயந்திரம் சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்படியும் முதற்சுழற்சியிலேயே பிடிக்கும் என்ற உறுதி இல்லை. புறப்படுத்தியை நெடுநேரம் இயக்கினால் பற்றரி வடிந்துவிடும். வடிந்து பழுதானால் புதியது வராது.

இந்த இடத்திலேதான் யாழ்ப்பாணத்து முறை உலகத்து முறையிலிருந்து வேறுபட்டது. உலகம் முழுவதும் இரண்டு பற்றரிகளுள் புறப்படுவதற்கானதைப் பொத்திப் பாதுகாத்தார்கள். யாழ்ப்பாணத்தில் புறப்படுவதற்குப் பற்றரியையே பாவிக்காமல் விட்டார்கள். கைப்பிடியால் சுழற்றினார்கள், அல்லது நாலுபேர் சேர்ந்து தள்ளினார்கள். ஓடும்போது டைனமோ ஏற்றிய மின்சாரம் முழுவதும் வீட்டுத் தேவைக்கென மிஞ்சியது. இரவில் காரின் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் சென்று ஒரு சிறு குமிழை எரித்தவர்கள் உண்டு. கார் இல்லாத பெரும்பாலானோர் சைக்கிளை நம்பினர். கணக்குப் பார்த்தால் அங்கும் இரண்டு மின்மூலங்கள் இருந்தன. ஒன்று பற்றரி. மற்றது மனிதனின் கை அல்லது கால்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற் கொடுக்கும். அதாவது அரை அம்பியர். அதுவும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். பழுதான வானொலிகளிலிருந்து நான்கு டயோட்களைக் கழற்றி, பாலம்போல் இணைத்து, ஒரு கண்டென்சரையும் சேர்த்தால் வானொலி பேசும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற, சுற்றியிருந்தோர் சிற்றலையில் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டனர். கை தளர்ந்தால் குரல் தேய்ந்துவிடும். கை மாற வேண்டும். குரல் தேயாதிருக்க வேண்டுமானால் டைனமோவுக்கும் வானொலிக்கும் இடையில் ஒரு சேமிப்பு இருக்க வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி கிடைத்தவர்கள் அதை இடையில் வைத்தார்கள். கிடைக்காதவர்கள், தீர்ந்துபோன ரோச் பற்றரிகளை வெயிலில் காயவைத்தும், துளையிட்டு உப்புநீர் ஊற்றியும், இன்னுமொரு செய்தியறிக்கை கேட்கும் அளவுக்கு அவற்றை உயிர்ப்பித்தார்கள்.

ஒரு பத்திரிகையாளனாக நான் இதில் காண்பது வேறொன்றை. யாழ்ப்பாணத்தில் உதயன் முதலிய நாளேடுகள் கடதாசித் தட்டுப்பாட்டினால் கோடிட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின. செய்தியை அச்சிடத் தாள் இல்லை, செய்தியைக் கேட்கப் பற்றரி இல்லை. அந்நிலையிலும் மக்கள் முதலில் மின்சாரம் தேடியது செய்திக்காகவே. விளக்கு மண்ணெண்ணெயில் எரியும். அடுப்பு விறகில் எரியும். செய்திக்கு மாத்திரம் அந்த அரை அம்பியர் வேண்டியிருந்தது.

இந்தக் கைவினையைச் செய்தவர்கள் வானொலி திருத்துபவர்களும், கராஜ் மெக்கானிக்குகளும், பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்களும், உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த மாணவர்களுமே. பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர் முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பின்னர் வந்த வானொலிகளிலும் வாகனங்களிலும் மறை முனையே உடலில் இருக்கும். இதை அறியாது இரண்டையும் இணைத்தால் கம்பி கருகும். மாற்றுவதற்கு உதிரிப்பாகம் வராத ஊரில் அவ்வாறான தவறுக்கு இடமில்லை. அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும். அறிந்தவர் இருந்தார்கள்.

கொழும்பில் பற்றரியும் சந்தேகமும்

அதே காலத்தில் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வந்து தங்கிய வடக்குத் தமிழருக்குப் பற்றரி வேறொரு விதமாகப் பிரச்சினையானது. 1996 ஜூலை 24 ஆம் திகதி மாலை தெஹிவளையில் பயணிகள் நிறைந்த புகையிரதத்தில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சாதாரண மக்கள் அவர்கள். அதற்கு முன்னரும் பின்னரும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் சுற்றிவளைப்புகளும் சோதனைகளும் வழமையாக நடந்தன. தமிழ் இளைஞன் ஒருவனின் கட்டிலின் கீழ் ஒரு பற்றரியும் சிறிது கம்பியும் இருந்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதே 1996 இல் வரட்சியினால் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. அயல்வீட்டுக்காரர் பற்றரியும் இன்வேட்டரும் வாங்கி விசிறியைச் சுழலவிட்டார். யாழ்ப்பாணத்தில் பற்றரியோடு வாழப் பழகிய இளைஞனோ மெழுகுதிரியை ஏற்றி வைத்தான். ஒரே பொருள், ஒரே ஒழுங்கை. ஒருவருக்கு வசதி, மற்றவருக்கு வில்லங்கம்.

கம்பியும் கணக்கும்

இன்று எவரும் அச்சமின்றிச் செய்யக்கூடிய அந்த வேலையைச் சரியாகச் செய்வது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பற்றரிகளைச் சேர்த்துப் பிரிக்கும் முறைகள் நான்கு. ஒவ்வொன்றும் முந்தியதன் குறையைத் தீர்க்க வந்தது.

முதலாவது கையால் திருப்பும் ஆளி. ஒன்று, இரண்டு, இரண்டும், நிறுத்து என நான்கு நிலைகள் கொண்ட இந்த ஆளி படகுகளில் நெடுங்காலமாக உண்டு. எளிமையானது, பழுதாகாது. மனிதனின் மறதியே அதன் எதிரி. நங்கூரமிட்டு உறங்கும்போது 'இரண்டும்' என்ற நிலையில் விட்டால் காலையில் இரண்டு பற்றரிகளும் வடிந்திருக்கும். இயந்திரம் ஓடும்போது 'நிறுத்து' நிலைக்குத் திருப்பினால் அல்டனேற்றரின் டயோட்கள் எரிந்துவிடக்கூடும்.

இரண்டாவது டயோட் பிரிப்பான். இதில் மறதிக்கு இடமில்லை. மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே செல்லும். ஆனால் சாதாரண டயோட் ஏறத்தாழ 0.7 வோல்ற்றைத் தானே விழுங்கிவிடும். 14.2 வோல்ற் கொடுத்தால் பற்றரிக்குச் சேர்வது 13.5. அது ஒருநாளும் முழுதாக நிறையாது.

மூன்றாவது வோல்ற் உணரும் றிலே. புறப்படும் பற்றரி மின்னேறி ஏறத்தாழ 13.3 வோல்ற்றைத் தாண்டியதும் இது இரண்டாவதைச் சேர்க்கும். இயந்திரம் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். புறப்படும் பற்றரிக்கே முதலுரிமை. எஞ்சியது மற்றதற்கு.

நான்காவது, நேரோட்டத்தை நேரோட்டமாகவே உயர்த்திக் கட்டுப்படுத்தும் மின்னேற்றி. இரண்டு காரணங்களால் இது இன்று தேவைப்படுகிறது. புதிய வாகனங்களின் அல்டனேற்றர் எரிபொருளைச் சேமிப்பதற்காகத் தன் வோல்ற்றளவை அடிக்கடி தாழ்த்திக்கொள்கிறது. மற்றது, இரண்டாவது பற்றரியாக லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகையை வைத்தால், அது தாகமெடுத்தவன்போல மின்னோட்டத்தை உறிஞ்சி அல்டனேற்றரைச் சூடேற்றிவிடும். 20 அல்லது 40 அம்பியர் என்று எல்லை வைத்துக் கொடுக்க ஒரு நடுவர் வேண்டும்.

எந்த முறையைக் கைக்கொண்டாலும் கம்பியின் தடிப்பில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு வானில் முன்னிருந்து பின்னுக்கு 5 மீற்றர், திரும்பிவர 5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள வீட்டுக் கம்பியில் 20 அம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1.4 வோல்ற் வழியிலேயே தொலையும். 14.2 புறப்பட்டு 12.8 போய்ச்சேரும். அதனால் மின்னேற்ற முடியாது. 16 சதுர மில்லிமீற்றர் கம்பியானால் இழப்பு 0.2 வோல்ற்றுக்குச் சற்று மேல். பற்றரி வேலை செய்யவில்லை என்று கடைக்காரருடன் சண்டை பிடிப்பவர்களில் பலருக்கு உண்மையில் குறை கம்பியிலே இருக்கிறது.

கம்பியின் இரு முனைகளிலும், பற்றரிக்கு மிக அருகில், பியூஸ் வேண்டும். இரண்டு பக்கமும் பற்றரி இருப்பதால் கம்பி எங்கே உராய்ந்தாலும் இரு திசையிலிருந்தும் தீ மூட்டும் வலு அதற்கு உண்டு. ஒரு முனையில் மட்டும் பியூஸ் போடுவது ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்து விடுவதற்குச் சமம். மின்னேறும் ஈயப் பற்றரி ஐதரசன் வாயுவை வெளியிடும். ஆகவே காற்றோட்டம் அவசியம். படகில் கலாயிடப்பட்ட செப்புக் கம்பியே நிற்கும். சாதாரணச் செம்பை உப்புக்காற்று சில பருவங்களில் பச்சையாக்கிவிடும்.

கடலிலே

கரையில் இக்கணக்குப் பிழைத்தால் வாகனத்தைத் தள்ளலாம். கடலில் தள்ள முடியாது. இலங்கையின் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் திட்டம் 1950களின் பிற்பகுதியில் விரிவடைந்தது. அன்றைய மூன்றரைத் தொன் படகுகள் மாலையில் சென்று காலையில் திரும்பின. பின்னர் வந்த பலநாட் கலங்கள் வாரக்கணக்கில் கடலில் நிற்கின்றன. இரவுவிளக்கு, மீன் தேடும் கருவி, செய்மதி வழிகாட்டி, நெடுந்தூர வானொலி எல்லாம் பற்றரியிலேயே ஓடுகின்றன. வலையை விட்டு இயந்திரத்தை நிறுத்திக் காத்திருக்கும் நீண்ட இரவுகளில் அச்செலவு தொடர்கிறது. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு விதித்து 2016 இல் நீக்கிய தடையின் விளைவாக, ஆழ்கடற் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவியும் கட்டாயமாயிற்று. அதற்கும் இடையறாத மின்சாரம் தேவை.

ஒரே பற்றரித் தொகுதியில் இவ்வளவையும் சுமத்தி, அதிகாலையில் அது இயந்திரத்தைச் சுழற்ற மறுத்தால், பெரிய டீசல் இயந்திரத்தைக் கையால் சுழற்ற இயலாது. உதவி கேட்க வேண்டிய வானொலிக்கும் அதே பற்றரிதான். கலம் நீரோட்டத்தின் வசமாகிவிடும். இலங்கைக் கலங்கள் அலைந்து அயல்நாட்டுக் கரைகளில் சேர்ந்த செய்திகளை நான் என் தொழிலில் எத்தனையோ முறை பக்கத்தில் போட்டிருக்கிறேன். இயந்திரக் கோளாறு என்ற இரு சொற்களோடு அவை முடிந்துவிடும். அந்த இரு சொற்களுக்குள் எத்தனை முறை வெறும் பற்றரி ஒளிந்திருந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. இரண்டாவது பற்றரியும் ஒரு றிலேயும் கலத்தின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் அது மீன் பிடித்துத் தராது என்பதால் வாங்குவதைப் பிற்போட மனம் வருகிறது.

2022 இன் பாடம்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. தெஹிவளையின் தொடர்மாடிகளில் காரின் பற்றரியைக் கழற்றி மேலே கொண்டுவந்து இன்வேட்டரில் மாட்டியவர்களைக் கண்டேன். 12 வோல்ற், 45 அம்பியர்-மணிப் பற்றரியில் 540 வாற்-மணி இருக்கும். பாதியைத் தாண்டி வடித்தால் பற்றரி கெடும் என்பதால் பாவிக்கத் தக்கது 270. ஒரு விசிறியும் ஒரு குமிழும், இன்வேட்டரின் இழப்பும் சேர்த்துப் பார்த்தால் நாலு மணித்தியாலம். பின்னர் இருட்டு. காலையில் காரும் புறப்படாது. புறப்பட்டாலும் ஓடி மின்னேற்றப் பெற்றோல் இல்லை. எரிபொருள் நிலைய வரிசையில் நாட்கணக்கில் நின்ற காலம் அது.

அந்த ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு அன்றாடச் செலவில் கரைந்து, மீண்டும் புறப்படுவதற்கு வேண்டிய இருப்பும் இல்லாது போயிருந்தது. ஒரு சாதாரண கராஜ் மெக்கானிக்குக்குத் தெரிந்த விதி திறைசேரிக்குத் தெரியாமற் போனது எப்படி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்று கொழும்பு வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்களும் இரட்டைப் பற்றரி வாகனங்களே. பல பிரியஸ் கார்களில் வண்டியை இழுக்க 201.6 வோல்ற்றில் ஒரு பெரும் பற்றரி. கணினியை விழிக்கச் செய்ய 12 வோல்ற்றில் இன்னொன்று. சிறியது வடிந்தால், பெரியது நிறைந்திருந்தும் கார் அசையாது. தொழில்நுட்பம் எவ்வளவு மாறினாலும் புறப்படுவதற்கென ஒதுக்கியதைப் புழங்கித் தீர்க்காதே என்ற விதி மாறவில்லை.

ஸ்டோன் நிறுவனத்தின் பட்டி வழுக்கிய விதம் நூல்களில் வரைபடத்தோடு இருக்கிறது. கெற்றரிங்கின் பெயரில் அமெரிக்காவில் நிறுவனங்கள் உண்டு. கொடிகாமத்திலோ சுன்னாகத்திலோ நான்கு டயோட்களையும் ஒரு சைக்கிளையும் வைத்துக்கொண்டு ஓர் ஒழுங்கை முழுவதற்கும் செய்தி கேட்கச் செய்தவருக்கு வரைபடமும் இல்லை, பெயரும் இல்லை. அந்நாளில் பதினெட்டு வயதாயிருந்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களும் மெக்கானிக்குகளும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். எந்தக் கம்பி எங்கே போனது, எந்த வானொலியிலிருந்து எதைக் கழற்றினார்கள், பற்றரிக்கு எவ்வளவு நேரம் சுழற்றினார்கள் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். போரைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தப் போருக்குள் வானொலி எப்படிப் பேசியது என்பதையும் எழுத வேண்டும்.